இழுத்தால் நீளும் கம்பளி

ஆசிரியர் ஒருவர் கையை உயர்த்திக் கரும்பலகையின் மேல்விளிம்பில் எழுதும்போது அவருடைய முதுகில் நிகழும் மாற்றத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள தோல் அகலவாட்டில் 13 முதல் 16 விழுக்காடு வரை நீள்கிறது. முழங்கையை மடக்கினால் அதன்மேல் உள்ள தோல் நீளவாட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரையும், உட்காரும்போது முழங்கால் தோல் 35 முதல் 45 விழுக்காடு வரையும் நீள்கின்றன. கிர்க், இப்ராகிம் என்னும் ஆய்வாளர் இருவர் 1966ஆம் ஆண்டில் உடலசைவையும் துணியின் நீட்சியையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். உடலின் அசைவுக்கு உடை இடங்கொடுக்கும் வழிகள் மூன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. உடை தளர்வாக வெட்டப்பட்டிருக்கலாம். துணி தோலின்மேல் வழுக்கிச் செல்லலாம். அல்லது துணியே நீளலாம். ஒன்று குறையுமானால் மற்ற இரண்டும் அதனை ஈடுசெய்தாக வேண்டும்.

ஐரோப்பாவில் தோன்றி உலகெங்கும் பரவிய கம்பளிக் கோட்டு, காற்சட்டை ஆகியவற்றின் வரலாற்றை இம்மூன்றுக்கும் இடையே நடந்த பேரம் என்று சொல்வது பொருந்தும். இன்று துணிக்கடைகளில் 'நீளும் கம்பளி' என்று எழுதிய சீட்டோடு தொங்கும் துணிகளைக் காண்போர் அதனை நேற்றுப் பிறந்த புதுமை என்றே எண்ணுவர். நீட்சி கம்பளிக்குப் புதிதன்று. அது எங்கிருந்து வருகிறது என்பதே வினா. இழையின் இயல்பிலிருந்து வரும் நீட்சியும், நூலின் முறுக்கிலிருந்து வரும் நீட்சியும், உள்ளே ஒளிந்திருக்கும் செயற்கை இழையிலிருந்து வரும் நீட்சியும் கடையில் கைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஐந்தாண்டு உடுத்திய பின்னர் அவை ஒன்றுபோல் இருப்பதில்லை.

முதலில் இழையின் இயல்பு. மெரினோ ஆட்டின் மயிர் ஒன்றை எடுத்து ஒளியில் பிடித்தால் அது நேராக இராது; அலையலையாய் நெளிந்திருக்கும். அந்நெளிவை இழுத்து நிமிர்த்தலாம். விட்டால் மீண்டும் நெளியும். இது கண்ணுக்குத் தெரிந்த நீட்சி. கண்ணுக்குத் தெரியாத நீட்சியை அறிய 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் கம்பளி ஆலைகளுக்கு நடுவே இருந்த லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்பீக்மன் என்னும் வேதியியலார் 1920களில் கம்பளி இழைகளை நீரில் நனைத்து இழுத்துப் பார்த்தார். நீரில் 30 விழுக்காடு வரை இழுக்கப்பட்ட இழை, விட்டபின் தன் பழைய நீளத்தை முழுமையாக மீட்டுக்கொண்டது. 1928இல் அதே பல்கலைக்கழகத்திற்கு வந்த வில்லியம் ஆஸ்ட்பரி ஊடுகதிர்களை இழையினூடே செலுத்திப் படம் எடுத்தார். இழுக்காத இழை ஒருவகைப் படத்தையும், இழுத்த இழை வேறுவகைப் படத்தையும் தந்தன. கம்பளியின் மூலப்பொருளாகிய கெரட்டின் என்னும் புரதத்தின் மூலக்கூறுகள் மடிந்து கிடக்கின்றன, இழுக்கும்போது அம்மடிப்பு விரிகிறது என்று அவர் முடிவு செய்தார். மடிந்த நிலைக்கு ஆல்ஃபா என்றும் விரிந்த நிலைக்குப் பீட்டா என்றும் அவர் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1951இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் அம்மடிப்பு ஒரு திருகுசுருள் வடிவம் என்று காட்டினர். புரத வடிவ ஆய்வு என்னும் பெருந்துறையின் தொடக்கங்களுள் ஒன்று ஆட்டு மயிரை இழுத்துப் பார்த்ததில் இருக்கிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆஸ்ட்பரி நிலக்கடலைப் புரதத்திலிருந்து செய்த ஆர்டில் என்னும் செயற்கைக் கம்பளியாலான மேலங்கி ஒன்றையும் அணிந்து திரிந்தார். ஆர்டில் 1957க்குமேல் தயாரிக்கப்படவில்லை. ஆட்டோடு போட்டியிட்ட கடலை தோற்றது.

தையற்காரர்கள் ஆய்வகத்தின் துணையின்றியே இவ்வுண்மையைக் கையாண்டு வந்தனர். கோட்டின் கை, தான் பொருந்த வேண்டிய தோள் வளைவைக் காட்டிலும் சற்றுப் பெரிதாக வெட்டப்படுகிறது. மிகுதியான துணியை ஈரத்தாலும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டாலும் சுருக்கி, மடிப்பே தெரியாமல் உள்ளே அடக்கிவிடுகிறார்கள். கழுத்துப்பட்டியின் விளிம்பை அவ்வாறே இழுத்து வளைக்கிறார்கள். தட்டையான துணி உருண்டையான உடலுக்கு இசைவது இந்த ஈரத்தாலும் சூட்டாலுமே. பருத்தியும் பட்டும் இவ்வளவு பணிந்து கொடுப்பதில்லை. மேலைநாட்டுத் தையற்கலை கம்பளியை அச்சாணியாகக் கொண்டு வளர்ந்ததன் காரணம் குளிர் மட்டும் அன்று.

வெப்ப நாட்டுத் தமிழர்க்கும் மயிரால் நெய்த துணி முற்றிலும் அயலானதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரில் பட்டு, மயிர், பருத்திநூல் ஆகிய மூன்றையும் நெய்வோர் வாழ்ந்த இருக்கையைக் குறிப்பிடுகிறது. அது போர்வை நெசவு. வெட்டித் தைக்கும் கோட்டின் வழிமுறை வேறு.

இழை இவ்வாறு நீளக்கூடியதாக இருந்தும் 19ஆம் நூற்றாண்டின் கம்பளி உடைகள் பலகைபோல் விறைத்து நின்றன. நெருக்கமாக நெய்த கனத்த துணி, அதனுள்ளே குதிரை மயிர் கலந்த முரட்டுக் கேன்வாஸ், தோளிலே பஞ்சுத் திணிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து இழையின் இயல்பை அடக்கிவிட்டன. ஆகவே பேரத்தின் முதல் வழியாகிய வெட்டுமுறையையே தையற்காரர் நாடினர். 1860களில் இங்கிலாந்தில் வேட்டைக்குப் போவோர் அணிந்த நார்ஃபோக் கோட்டின் முதுகில் மடிப்புகள் வைத்துத் தைக்கப்பட்டன. துப்பாக்கியை உயர்த்தும்போது அவை விரிந்து இடங்கொடுத்தன. பின்னர் எட்டாம் எட்வர்டாகவும் விண்ட்சர் கோமகனாகவும் அறியப்பட்ட இளவரசருக்குத் தைத்த ஷோல்ட்டே என்பவர், மார்பிலும் முதுகிலும் சிறிது துணியை மிகுதியாக விட்டு, கை பொருந்தும் வளைவைச் சிறிதாக்கி அக்குளுக்கு அருகே உயர்த்தினார். கையை உயர்த்தினாலும் கோட்டின் உடற்பகுதி கூடவே எழும்பாமைக்கு அவ்வெட்டே காரணம். அவரிடம் தொழில் கற்ற ஆண்டர்சன் 1906இல் லண்டனில் நிறுவிய கடையும் அம்மரபைத் தொடர்ந்தது. வளைவு பெரிதாக இருந்தால்தான் கை தாராளமாக அசையும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. துணியின் நீட்சியை நம்பி வெட்டுமுறையில் சோம்பும் இன்றைய ஆயத்த உடைகள் பல இந்தப் பாடத்தை மறந்துவிட்டன.

துணியிலேயே மாற்றம் காணும் முயற்சி 1907இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் தோன்றியது. மார்ட்டின் சன்ஸ் என்னும் ஆலை 'ஃபிரஸ்கோ' என்ற பெயரில் ஒரு துணியைப் பதிவு செய்தது. இரண்டு மூன்று புரிகளை ஒன்றாக்கிக் கடுமையாக முறுக்கிய நூலால், காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு அது நெய்யப்பட்டது. வெப்ப நாடுகளுக்கேற்ற துணி என்று அது பெயர் பெற்றது. கசக்கிப் பிடித்து விட்டால் சுருக்கமின்றி விரிந்துகொள்ளும் அதன் பண்புக்கு அந்த முறுக்கே காரணம். முறுக்கின் ஆற்றலை நெசவாளர் அன்றே அறிந்திருந்தும் அதனை நீட்சிக்காகத் திட்டமிட்டுப் பயன்படுத்த நெடுங்காலம் ஆயிற்று.

இதற்கிடையே நீட்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. அத்திசையில் மலாயாவும் இருந்தது. 1820இல் தாமஸ் ஹான்காக் கையுறை, காலுறை முதலியவற்றிற்கு ரப்பர்ப் பட்டைகளைப் பொருத்தும் உரிமத்தைப் பெற்றார். சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்த பின்னர், மலாயாவின் கித்தாத் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு உலகச் சந்தைக்குச் சென்றது. 1931இல் அமெரிக்காவில் ரப்பர்ப் பாலிலிருந்து நேரடியாக மெல்லிய நூலை இழுத்து, அதன்மேல் பருத்தியோ பட்டோ சுற்றிய 'லாஸ்டெக்ஸ்' வெளிவந்தது. நீச்சலுடையும் பெண்களின் இடைக்கச்சையும் அதனால் மாறின. ஆயினும் நல்ல தையல் உடைக்கு அது பொருந்தவில்லை. ரப்பர் வியர்வையிலும் எண்ணெயிலும் சூட்டிலும் நைந்தது. சாயத்தை எளிதில் ஏற்கவில்லை.

1942இல் மலாயாவும் கீழைத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோயிற்று. போருக்குப் பின்னர் டூபாண்ட் நிறுவனத்தில் ரப்பர் நூலுக்கு மாற்றுத் தேடிய ஜோசப் ஷிவர்ஸ் பல்லாண்டு உழைத்து 1958இல் ஓர் இழையைக் கண்டார். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கிற்குமேல் நீண்டு மீளும் அவ்விழை லைக்ரா என்னும் வணிகப் பெயரைப் பெற்று, 1962இல் ஆலைத் தயாரிப்புக்கு வந்தது. அவ்வினத்திற்கு அமெரிக்காவில் ஸ்பான்டெக்ஸ் என்றும் ஐரோப்பாவில் எலாஸ்டேன் என்றும் பெயர். முன்னது 'விரிகிறது' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடமாற்றி ஆக்கியது.

கம்பளிக் காற்சட்டையை முதலில் நீளச் செய்தது எலாஸ்டேன் அன்று. 1952இல் மியூனிக் நகரில் மரியா போக்னர் என்னும் ஆடை வடிவமைப்பாளர், கம்பளியோடு ஹெலன்கா என்னும் நைலான் நூலைக் கலந்து நெய்த துணியால் பனிச்சறுக்குக் காற்சட்டை தைத்தார். ஹெலன்கா, சுவிட்சர்லாந்தின் ஹெபர்லைன் நிறுவனம் நைலானை முறுக்கிச் சூடேற்றிச் சுருளாக்கிய நூல். பாதத்தின்கீழ் ஒரு பட்டையால் இழுத்துப் பிடிக்கப்பட்ட அக்காற்சட்டை, குனிந்தாலும் மடங்கினாலும் உடலோடு ஒட்டி நின்றது. அமெரிக்கர் அவ்வகைக் காற்சட்டை முழுவதையுமே 'போக்னர்' என்று அழைக்குமளவு அது பரவியது. அதுவரை தளர்வும் மடிப்பும் கொடுத்துவந்த வசதியைத் துணி தானே கொடுக்க முன்வந்ததற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

அதே காலத்தில் கம்பளித் தொழில் உயிர்ப்போராட்டத்தில் இருந்தது. 1938இல் அறிவிக்கப்பட்ட நைலானும், 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலியஸ்டரும் போருக்குப்பின் சந்தையை நிறைத்தன. அவை சுருங்கவில்லை; கசங்கவில்லை; விலையும் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகம் பயன்படுத்திய இழைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருந்த கம்பளி இன்று நூற்றில் ஒரு பங்கு அளவிற்குச் சுருங்கிவிட்டது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனம் 1957இல் 'சிரோசெட்' என்னும் முறையால் கம்பளிக் காற்சட்டையில் அழியாத மடிப்பை உண்டாக்கிக் காட்டியது. கெரட்டினில் உள்ள கந்தகப் பிணைப்புகளை வேதிப்பொருளால் தளர்த்தி, நீராவியால் அழுத்தி, புதிய வடிவத்தில் மீண்டும் பிணைப்பதே அம்முறை. பெண்கள் கூந்தலைச் சுருளாக்கிக்கொள்ளும் முறையும் இதுவே. 1964இல் தூய கம்பளிக்கு ஊல்மார்க் முத்திரை வந்தது. இவையெல்லாம் சரிவின் வேகத்தைக் குறைத்தன, சரிவை நிறுத்தவில்லை. கம்பளிக்கு அடிப்படை விலை கொடுத்துவந்த ஆஸ்திரேலியத் திட்டம் 1991 பிப்ரவரியில் முறிந்தபோது விற்பனையாகாத பொதிகள் 47 இலட்சம் அளவிற்குக் குவிந்திருந்தன. மேய்ப்பதற்கே கட்டுப்படியாகாமல் பல இலட்சம் ஆடுகள் சுட்டுப் புதைக்கப்பட்டன. துணி நீளுமா என்பது பண்ணையாளருக்கு அழகியல் வினாவாக இருக்கவில்லை.

இச்சூழலில் ஆலைகள் இரு வழியாகப் பிரிந்தன. முதல் வழி, எலாஸ்டேனை நடுவில் வைத்து அதன்மேல் கம்பளியைச் சுற்றி நூற்பது. துணியின் எடையில் 2 முதல் 4 விழுக்காடு எலாஸ்டேன் இருந்தாலே போதிய நீட்சி கிடைத்துவிடும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எலாஸ்டேனை நிலைப்படுத்தத் தேவையான உயர்சூடு கம்பளியை மஞ்சளாக்கும்; கம்பளிக்கு ஏற்ற மென்சூட்டில் எலாஸ்டேன் சரிவர நிலைப்படாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே பதமிடுவோரின் திறமை.

இரண்டாம் வழி, ஃபிரஸ்கோ காலத்து முறுக்கை மீண்டும் நாடியது. கிணற்றுக் கயிற்றை அளவுக்குமேல் முறுக்கிக் கையைத் தளர்த்தினால் அது தன்மேலேயே சுருண்டுகொள்ளும். அதுபோலக் கடுமையாக முறுக்கிய ஊடை நூலைக் கொண்டு தறியில் அகலமாக நெய்து, பின்னர் நீரிலும் நீராவியிலும் கட்டுப்பாடின்றி விட்டால் துணி அகலத்தில் சுருங்கி வரும். ஊடை நூல் அலையலையாய் நெளிந்து நிற்கும். அணிந்தவர் கையை நீட்டும்போது அந்த அலைகள் நிமிர்கின்றன, தளரும்போது திரும்புகின்றன. இங்கு அயல் இழை எதுவும் இல்லை. இதனை 'இயற்கை நீட்சி' என்று விற்கிறார்கள். முதுகின் தேவை அகலவாட்டில் 13 முதல் 16 விழுக்காடு என்பதை நினைத்தால், வெட்டு நன்றாக அமைந்த கோட்டிற்கு இவ்வகைத் துணி கொடுக்கும் மிதமான நீட்சியே போதும் என்பது விளங்கும்.

நீட்சியை அளக்கும் கலையும் இக்காலத்தில் வளர்ந்தது. கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் கவபட்டா, ஜப்பானிய ஆலைகளில் துணியைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் முதுவர்களை 1972இல் ஒரு குழுவாகக் கூட்டினார். விறைப்பைக் கோஷி என்றும், வழவழப்பை நுமேரி என்றும், நிறைவான தடிப்பை ஃபுகுராமி என்றும் அவர்கள் வழங்கிய சொற்களுக்கு எண் மதிப்புத் தரும் கருவிகளை அவர் அமைத்தார். ஆஸ்திரேலியர் 1980களில் ஆலைகளுக்கேற்ற எளிய அளவுமுறையை உருவாக்கினர். இவ்வாய்வுகளிலிருந்து தையற்காரர் அறிந்தது ஒன்றுண்டு. பாவின் நீட்சி மிகக் குறைந்தால் கையைத் தோளில் அடக்கித் தைக்க இயலாது. நீட்சி மிகுந்தாலோ வெட்டும் மேசையில் துணி அளவு மாறித் துண்டுகள் பொருந்தாமற் போகும். நீளும் துணி மிக நீளும்போது நல்ல துணியாக இருப்பதில்லை.

ஈரக்காற்று மிகுந்த சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இன்னொரு செய்தி தனியாக உரியது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொடுவதற்கு நனைந்தது போலிராது. வியர்வை மிகுந்த நாட்டில் அது பாலியஸ்டரைவிட இதமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஈரம் ஏறிய இழை பருத்து, நூலின் அலைகளை நிமிர்த்தித் துணியை நீளச் செய்கிறது. உலர்ந்தால் துணி திரும்பச் சுருங்குகிறது. நெளிவு மிகுந்த துணியில் இம்மாற்றமும் மிகுதி. எனவே முறுக்கால் நீளும் துணியே வெளியிலுள்ள ஈரக்காற்றுக்கும் குளிரூட்டிய அறையின் வறட்சிக்கும் இடையே அதிகம் அசைகிறது. தைக்குமுன் அதனை நீராவியில் காட்டி ஒரு நாள் தளர விட்டு வைக்காத தையற்காரரிடம் அத்துணியைக் கொடுப்பது வீண். உள்ளே பசையால் ஒட்டும் கேன்வாஸ் நீளாத வகையாயின், மேல்துணி நீள உட்துணி நிற்க, மார்பில் குமிழ் எழும்பும். நீளும் துணிக்கு நீளும் உட்துணியே வேண்டும்.

விலைச்சீட்டில் காணும் 'சூப்பர்' எண்கள் நீட்சியைக் குறிப்பன அல்ல. பன்னாட்டுக் கம்பளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிப்பு 18.75 மைக்ரானுக்கு மேற்படாது. சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரான். எண் உயர உயர மென்மை கூடும், உழைப்புக் குறையும். நாள்தோறும் வகுப்பறைக்கு அணிந்து செல்வோர்க்கு 100, 110 ஆகிய எண்களே ஏற்றவை. அதற்குமேல் கொடுக்கும் பணம் திருமண மேடைக்கு உரியது. துணியை ஊடை வாட்டில் ஒரு சாண் அளவு பிடித்து இழுத்துச் சிறிது நேரம் வைத்திருந்து விட வேண்டும். எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டிலும் எவ்வளவு திரும்பியது என்பதே பார்க்கத்தக்கது. திரும்பாத துணி முழங்காலில் பை போல் தொங்கும். முறுக்கால் நீளும் கம்பளி ஒருநாள் அணிந்தபின் தொங்கவிட்டு ஓய்வு கொடுத்தால், காற்றின் ஈரத்தாலேயே தன் நிலையை மீட்டுக்கொள்கிறது. எலாஸ்டேன் அன்றன்று சிறப்பாக மீளும். ஆயினும் சூடும் வெளுப்புப் பொருளும் ஆண்டுகளும் அதனைத் தளர்த்தும். தளர்ந்தபின் நீராவி அதனை உயிர்ப்பிக்காது. ஒட்டிய காற்சட்டைக்கும், நெடுநேரம் வண்டி ஓட்டுவோர்க்கும் சிறிது எலாஸ்டேன் கலந்தது நன்று. பத்தாண்டு வைத்திருக்க எண்ணும் கோட்டிற்கு முழுக் கம்பளியே நன்று.

தையல் கோட்டின் மதிப்பு குறைந்துவரும் காலம் இது. பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் விலைவாசியைக் கணக்கிடும் பொருள் வரிசையிலிருந்து ஆண்களின் முழுச் சூட்டை 2022இல் நீக்கியது. அதன் இடத்தில் தனிக்கோட்டு ஒன்றைச் சேர்த்தது. நீளும் கம்பளியை ஆலைகள் இவ்வளவு ஊக்கத்தோடு விற்பதற்கு இச்சரிவும் ஒரு காரணம்.

நீட்சியின் கணக்கு உடுப்பவரோடு முடிவதில்லை. 1813இல் யார்க்ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து மீண்டும் நூலாக்கினார். அத்தொழில் இத்தாலியின் பிராட்டோ நகரில் இன்றும் நடக்கிறது. அங்கே கந்தல் பிரிப்போர் மூட்டைகளை அவிழ்த்து, நிறம்வாரியாகவும் இழைவாரியாகவும் கையால் தடவிப் பிரிக்கின்றனர். முழுக் கம்பளி கிழிக்கும் பொறிக்குள் சென்று மீண்டும் இழையாகிறது. எலாஸ்டேன் கலந்த துணி பொறியில் கிழிய மறுத்து இழுபட்டுச் சிக்குகிறது. பிரிப்போர் அதனை வேறு குவியலில் எறிகின்றனர்.